அடங்கிய வண்ணங்களில் ஒரு நதி



அடங்கிய வண்ணங்களில் நிலக்காட்சி வரைவதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். பனி, புகை, அந்தி, மழைக்கு முந்தைய வெளிச்சம் இவற்றையெல்லாம் எண்ணெய் வண்ணத்தில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் விஷயம். இந்த மாதிரிப் படத்தில் கைவைக்கிறவர்கள் வழக்கமாக இரண்டு குறுக்குவழிகளில் ஒன்றைப் பிடிப்பார்கள். எல்லா வண்ணத்திலும் கொஞ்சம் கறுப்பைக் கலந்துவிடுவது ஒன்று. வழக்கம்போல் வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் அகலமான தூரிகையால் வெள்ளையை லேசாக இழுத்துவிடுவது இன்னொன்று. முதல் வழியில் கிடைப்பது அழுக்கு. இரண்டாவதில் கிடைப்பது வெறும் சுண்ணாம்புப் பூச்சு. இரண்டிலும் காற்று வராது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தூரத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு பொருளிடமிருந்தும் எவ்வளவு கருமையை, எவ்வளவு நிறத்தை, எவ்வளவு விளிம்பைக் கழிக்கிறோம் என்ற கணக்குதான் மூட்டம். அந்தக் கணக்கைக் கேன்வாஸைத் தொடுவதற்கு முன்பே, பேலட்டிலேயே போட்டு முடித்துவிட வேண்டும். இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். ஆகவே ஒரு ஆளையும் ஒரு நதியையும் எடுத்துக்கொள்கிறேன். ஆள் ஜேம்ஸ் விஸ்லர். நதி லண்டனின் தேம்ஸ்.

விஸ்லர் ஆங்கிலேயர் அல்ல. 1834-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரத்தில் பிறந்தவர். அப்பா ரயில்வே பொறியாளர். ரஷ்யாவில் ரயில் பாதை போடும் வேலைக்குப் போனதால் பையனின் இளமையில் ஒரு பகுதி செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் கழிந்தது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். 1854-இல் வெளியே அனுப்பினார்கள். கொஞ்ச காலம் கடற்கரை அளவைத் துறையில் வரைபடம் செதுக்கும் வேலை. 1855-இல் பாரிஸ். பிறகு லண்டன். 1863 முதல் செல்சி பகுதியில், தேம்ஸ் கரையை ஒட்டிய லிண்ட்சி ரோ தெருவில் குடியிருந்தார். வாசலைத் திறந்தால் நதி.

அந்த நதி அழகான நதி என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்க்கரையான பேட்டர்சீயில் தொழிற்சாலைகள், புகைபோக்கிகள், கிடங்குகள். தண்ணீரில் நிலக்கரிப் படகுகள். நாம் அவர் படங்களில் பார்த்து உருகுகிற அந்த நீலச்சாம்பல் மூட்டத்தில் பாதி பனி, பாதி நிலக்கரிப் புகை. பகலில் அந்தக் கரையை யாரும் படம் வரையத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். விஸ்லர் இரவைத் தேர்ந்தெடுத்தார். இருட்டும் புகையும் சேர்ந்து பட்டறையின் கூரையை, சுவரை, விளம்பரப் பலகையை எல்லாம் விழுங்கிவிட்ட பிறகு மிச்சம் இருப்பது நாலைந்து பெரிய வடிவங்கள்தான். ஒரு ஓவியனுக்கு வேண்டிய அளவுக்கு மிச்சம் இருக்கும் நேரம் அது.

பக்கத்து வீட்டில் கிரீவ்ஸ் என்று ஒரு படகுக்காரக் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒரு காலத்தில் ஓவியர் டர்னருக்கே படகு வலித்தவர். மகன்கள் வால்டர், ஹென்றி இருவரும் விஸ்லரை இரவில் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கையில் பழுப்புக் காகிதமும் கறுப்பு வெள்ளைச் சாக்கட்டியும் மட்டும். வண்ணம் கிடையாது. இருட்டில் வண்ணத்தை எடுத்து என்ன செய்வது? பழுப்புக் காகிதம் நடுத்தர டோன்; அதைவிட இருண்டதற்குக் கறுப்பு, வெளிச்சத்துக்கு வெள்ளை. மூன்றே படிகளில் ஒரு நதி முழுவதையும் குறித்துக்கொள்கிறார். பிற்பாடு வால்டர் கிரீவ்ஸும் ஓவியரானார் என்பது தனிக்கதை.

மற்ற நாட்களில் அந்தக் காகிதம்கூட இல்லை. பாரிஸில் லெகோக் த புவாபோத்ரான் என்று ஒரு ஓவிய ஆசிரியர் இருந்தார். பார்த்ததை மனத்தில் ஏற்றி, பிறகு பார்க்காமல் வரைவதற்கென்றே பயிற்சி கொடுத்தவர். விஸ்லர் அவரிடம் நேரடியாகப் படிக்கவில்லை. ஆனால் விஸ்லரின் நண்பர்கள் ஃபான்டின்-லதூர், லெக்ரோ ஆகியோர் படித்தார்கள். அவர்கள் வழியாக அந்தப் பழக்கம் இவருக்கும் வந்தது. லித்தோகிராஃப் அச்சாளர் தாமஸ் வே ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். மாலை மங்கலில் இருவரும் நடந்துவருகிறார்கள். ஒரு முனையில் பழைய மதுக்கடையும் சில கட்டடங்களும். ஜன்னல் வெளிச்சம் மூட்டத்தில் பொன்னாகத் தெரிகிறது. விஸ்லர் நின்றுவிட்டார். வே தன் குறிப்பேட்டை நீட்டினால் வேண்டாம் என்கிறார். நன்றாகப் பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து, காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எது எங்கே இருக்கிறது, எது எந்த நிறம், எது எதைவிட இருட்டு என்று ஒப்பிக்கிறார். வே திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கிறார். தவறினால் மறுபடி பார்த்துவிட்டு வந்து மறுபடி ஒப்பிப்பு. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்தக் காட்சி படமாகிவிடும்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். மனம் ஒரு காட்சியை வைத்துக்கொள்ளும்போது செங்கல்லை எண்ணி வைத்துக்கொள்வதில்லை. பெரிய இருட்டு, பெரிய வெளிச்சம், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, இவை மட்டும்தான் தங்கும். அடங்கிய வண்ணப் படத்துக்குத் தேவையானதும் இவை மட்டும்தான். கைபேசியில் புகைப்படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்த்து வரைகிறவர்களுக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. தூரத்து மரத்தை விரலால் பெரிதாக்கியவுடனே அது பக்கத்து மரமாகிவிடுகிறது! அதோடு மூட்டமும் போயிற்று.

இனி பட்டறைக்குள் போவோம். விஸ்லரின் பேலட் கையில் பிடிக்கும் பலகை அல்ல, ஒரு மேஜை. படம் தொடங்குவதற்கு முன் அந்த மேஜையில் படத்துக்கு வேண்டிய எல்லா டோன்களையும் கலந்து வைத்துவிடுவார். வானத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, தூரத்துக் கரைக்கு ஒன்று, அருகில் இருக்கும் படகுக்கு ஒன்று. கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்ப்பது போலத்தான். ஒன்றோடு ஒன்று இசைகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவது. பின்னாளில் 1898-இல் பாரிஸில் அக்காடெமி கார்மென் என்ற பள்ளியில் அவர் பாடம் சொல்லிக் கொடுத்தபோது, மாணவர்களின் கேன்வாஸைப் பார்ப்பதற்கு முன் பேலட்டைத்தான் பார்ப்பாராம். அதில் ஒழுங்கு இருந்தால் படத்திலும் இருக்கும் என்பது அவர் கட்சி. மாணவர்கள் இதை விசித்திரம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது.

அந்தப் பள்ளியில் அவர் சொல்லிக்கொடுத்த பேலட் ஒழுங்கில் ஆடம்பரம் எதுவும் இல்லை. நடுவில் வெள்ளை. ஒரு பக்கம் மஞ்சள் ஓக்கர், ரா சியன்னா, ரா அம்பர், கோபால்ட், இன்னொரு நீலம். மறுபக்கம் வெர்மிலியன், வெனிஷியன் ரெட், இந்தியன் ரெட், கறுப்பு. பெரும்பாலும் மண் நிறங்கள். இதில் கறுப்பு என்னும் வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இம்ப்ரெஷனிஸ்டுகளின் பெயரைச் சொல்லிக் கறுப்பைத் தீண்டவே கூடாது என்று நம் ஓவிய வகுப்புகளில் ஒரு விரதம் நடக்கிறது. ஐவரி பிளாக்கில் வெள்ளையைக் கலந்து பாருங்கள். கிடைக்கிற சாம்பலில் நீலச் சாயல் இருக்கும். அதை ஒரு ஓக்கர் பூச்சின் பக்கத்தில் வைத்தால் நீலம் என்றே கண் நம்பிவிடும். ஐவரி பிளாக்கோடு மஞ்சள் ஓக்கரைச் சேர்த்தால் அடங்கிய பச்சை. தூரத்து மரக்கூட்டத்துக்கு அதைவிட நல்ல பச்சையை எந்த ட்யூபிலும் வாங்க முடியாது. கறுப்பைக் கொண்டு மற்ற வண்ணங்களைக் கொல்வதுதான் தப்பு. கறுப்பையே ஒரு நீலமாகப் பாவிப்பது தொழில்.

கறுப்பே வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்த்தால் ஏறக்குறைய கறுப்பு வரும். அதில் வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனால், நீலம் கொஞ்சம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். இரண்டே ட்யூபில் ஒரு அந்தி முழுவதும் அடங்கிவிடும்.

டோன்களைக் கலந்தான பிறகு விஸ்லர் அவற்றை மிகவும் நீர்த்துப் போக வைப்பார். டர்பன்டைன், கோபல், மாஸ்டிக் பிசின் இவற்றைச் சேர்த்து ஒரு குழம்பு. அதற்கு அவர் வைத்த பெயரே 'சாஸ்'. அது எவ்வளவு நீர்ப்பு என்றால், கேன்வாஸை ஈசலில் நிமிர்த்தி வைத்தால் வண்ணம் ஒழுகிவிடும். அதனால் கேன்வாஸைத் தரையில் படுக்கப் போட்டு வரைவார். பெரிய தூரிகையால் வானத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. தண்ணீருக்கும் அப்படியே. கீழே சாம்பலாகவோ இருண்டோ ஒரு அடிப்பூச்சு முன்பே காய்ந்திருக்கும். அது மேல்பூச்சின் வழியாக மூச்சு விடும். வானமும் தண்ணீரும் ஈரமாக இருக்கும்போதே தூரத்துக் கரையை இழுப்பார்; ஈரத்தில் ஈரம் கலந்து விளிம்பு தானாகக் கரையும். கடைசியில்தான் சில விளக்குகள், பொன்னிறமாக, கெட்டி வண்ணத்தில் சொட்டுச் சொட்டாக. பிடிக்கவில்லையென்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒட்டுப்போடும் வேலை கிடையாது. ஒரு இடத்தைத் தனியே திருத்தினால் அந்த இடத்தில் காற்று அறுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

நாக்டர்ன் என்று அவர் பெயரிட்ட இரவுக் காட்சிகளில் ஒரு படத்தை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். 'நாக்டர்ன்: நீலமும் பொன்னும் - பழைய பேட்டர்சீ பாலம்'. 1872-க்கும் 1875-க்கும் இடையில் வரைந்தது. பெரிய படம் அல்ல. உயரம் 68 சென்டிமீட்டர், அகலம் 51. அந்தப் பாலம் 18-ஆம் நூற்றாண்டின் மரப்பாலம், 1885-இல் இடித்துவிட்டார்கள். படத்தின் நடுவே பாலத்தின் ஒரே ஒரு தூண் நெடுநெடுவென்று நிற்கிறது. நிஜத்தில் அது அவ்வளவு உயரம் இல்லை. ஜப்பானியர் ஹிரோஷிகேயின் எடோ நகரக் காட்சிகளில் பாலத்தைக் கீழிருந்து பார்க்கும் அச்சோவியம் ஒன்று உண்டு. அதன் பாதிப்பு இதில் தெளிவாகத் தெரியும். பாலத்தின் மேல் மனிதர்கள், வெறும் கறைகளாக. கீழே ஒரு படகில் ஒருவன். தூரத்தில் இடப்பக்கம் செல்சி தேவாலயம், வலப்பக்கம் அப்போது புதிதாகக் கட்டியிருந்த ஆல்பர்ட் பாலம். வானத்தில் வாணவேடிக்கையின் சில பொன் பொறிகள்.

இப்போது டோன் கணக்கைப் பாருங்கள். மிக இருண்டது அருகில் உள்ள தூண். ஆனால் அதுவும் முழுக் கறுப்பு அல்ல. நீலத்தில் ஊறிய இருட்டு. மிக வெளிச்சமானது வானமும் தண்ணீரும். அவையும் வெள்ளைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கறுப்பு ஒன்று, வெள்ளை பத்து என்று ஒரு ஏணி வைத்துக்கொண்டால் படத்தின் பெரும்பகுதி நடுவில் உள்ள மூன்று நான்கு படிகளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. தூரத்துக் கரைக்கும் வானத்துக்கும் இருப்பது ஒரு படி வித்தியாசம். சில இடங்களில் அதுகூட இல்லை. இப்படி எல்லாவற்றையும் நெருக்கி வைத்ததால்தான் நாலு பொன் பொறிகள் அவ்வளவு பிரகாசிக்கின்றன. அந்தப் பொன்னைத் தனியே எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்தால் சாதாரண மஞ்சள்தான்.

அடங்கிய படம் என்றால் உயிர் இல்லாத படம் என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். எட்டுக் கட்டையில் எல்லோரும் கத்தும் படத்தில் பொன்னுக்கு மதிப்பில்லை.

கொஞ்சம் இயற்பியல் பக்கம் போய்வரலாம், பயப்பட வேண்டாம். விஸ்லரின் முதல் நாக்டர்ன்களில் ஒன்றான 'நீலமும் வெள்ளியும் - செல்சி' 1871-இல் வரைந்தது. அதே 1871-இல்தான் ஜான் ஸ்ட்ரட், பின்னாளில் ரேலி பிரபு, வானம் ஏன் நீலம் என்பதற்கான கட்டுரையை வெளியிட்டார். ஒருவரை ஒருவர் அறிந்து செய்ததல்ல. ஆனால் இருவரும் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேலியின் விதிப்படி மிக நுண்ணிய துகள்கள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை நாலு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கின்றன. ஆகவே நமக்கும் ஒரு தூரத்து மலைக்கும் நடுவே உள்ள காற்று, தானே ஒரு நீல வெளிச்சத்தை உமிழ்கிறது. மலை இருட்டாக இருந்தால் அந்த நீலம் அதன் மேல் படிந்து தெரியும்.

இதிலிருந்து ஓவியனுக்குக் கிடைக்கும் பாடம் முக்கியமானது. தூரம் போகப் போக முதலில் மாறுவது இருட்டுதான். பக்கத்து மர நிழல் கறுப்பாக இருக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி அதே நிழல் நடுத்தர நீலச்சாம்பல். வெளிச்சமான பொருளோ அவ்வளவு மாறுவதில்லை. அது மட்டுமல்ல, தூரத்து வெள்ளை மேகமும் பனிமலையும் நீலமாவதற்குப் பதிலாக லேசாக மஞ்சளிக்கும். அவற்றிலிருந்து வரும் ஒளியில் நீலம் வழியிலேயே சிதறிப்போய்விடுகிறது அல்லவா? ஆகவே தூரம் என்றாலே நீலத்தைக் கொட்டுகிறவர்கள் பாதி உண்மையைத்தான் வரைகிறார்கள். இன்னொன்று, பனிமூட்டத்தில் உள்ள நீர்த்துளிகள் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகவே சிதறடிக்கும். அதனால் அங்கே தூரம் நீலமாகாது, வெண்சாம்பலாகும். தெளிந்த நாளின் தூரமும் பனி நாளின் தூரமும் ஒன்றல்ல. எந்த நாளை வரைகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

எண்ணெய் வண்ணத்தில் இந்த இயற்பியலை உங்கள் மேஜையிலேயே பார்க்கலாம். ஒரு பலகையில் இருண்ட பழுப்பைப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு உலர்ந்த தூரிகையில் துளி வெள்ளையை எடுத்து, அடிப்பூச்சு தெரியும்படி மெல்லிசாகத் தேயுங்கள். அந்த இடம் நீலமாகத் தெரியும். நீல வண்ணம் ஒரு பொட்டுக்கூடச் சேர்க்கவில்லை! இருண்ட பின்னணியில் விறகுப் புகை நீலமாகத் தெரிவதை லியொனார்டோ டாவின்சி தம் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார், அதே சங்கதிதான். அதே வெள்ளையை வெளிர்ந்த அடிப்பூச்சின் மேல் தேய்த்தால் இந்த நீலம் வராது. இருண்ட அடிப்பூச்சு, மேலே மெல்லிய வெளிர்ப்பூச்சு. அந்திக்கும் பனிக்கும் எண்ணெய் வண்ணம் இவ்வளவு பொருந்தி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். நான் ஆரம்பத்தில் திட்டிய வெள்ளை இழுப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். அங்கே படம் முழுவதற்கும் ஒரே கனத்தில் வெள்ளை போகிறது. இங்கே தூரத்துக்கு ஒரு கனம், அருகுக்கு ஒரு கனம், காலடிக்கு ஒன்றுமே இல்லை.

விஸ்லருக்கு முந்தைய தலைமுறையில் இந்தக் கணக்கைக் கரைத்துக் குடித்தவர் பிரெஞ்சுக்காரர் கோரோ. 1796-இல் பிறந்து 1875-இல் இறந்தவர். அவர் குறிப்பேட்டில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியில் அவசரமாகக் கோடு போட்டுக்கொள்ளும்போது, வெளிச்சமான இடத்தில் ஒரு வட்டம், இருண்ட இடத்தில் ஒரு சதுரம் போட்டுவைப்பார். நிறத்தின் பெயரை எழுதிக்கொள்ளும் மற்ற ஓவியர்கள் போல அல்ல. முதலில் வரைகோடு, அடுத்து டோன், அதற்குப் பிறகுதான் நிறம் என்பது அவர் வரிசை. 1864-இல் வரைந்த 'மோர்த்ஃபொன்தேன் நினைவு' இன்று லூவ்ரில் இருக்கிறது. ஒரு ஏரி, சாய்ந்த பெரிய மரம், ஒரு பெண், இரண்டு குழந்தைகள். படம் முழுக்க வெள்ளிச் சாம்பல். ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைந்ததல்ல. பெயரே சொல்கிற மாதிரி, நினைவிலிருந்து பட்டறையில் வரைந்தது. கோரோ தம் பச்சைகளில் வெள்ளையைத் தாராளமாகக் கலந்தார். பச்சை அடங்கிச் சாம்பலாயிற்று. இந்தச் சாம்பல் கடலில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு சிவப்புத் தொப்பியோ, சிவப்புத் துணியோ ஒரு பொட்டு வைத்துவிடுவது அவர் வழக்கம். அமெரிக்காவில் ஜார்ஜ் இன்னெஸ் கடைசிக் காலத்தில் வரைந்த காட்சிகள், குறிப்பாக 1893-இன் 'நாரையின் இல்லம்', இதே பாதையில் இன்னும் தூரம் போனவை. அவற்றில் மரத்துக்கும் காற்றுக்கும் எல்லையே கிடையாது. நேரம் கருதி அவரைத் தாண்டிப் போகிறேன்.

இனி விஸ்லரிடம் திரும்பி, அவரை நீதிமன்றம் வரை கொண்டுபோன ஒரு படத்துக்கு வருவோம். இந்தக் கதை தெரியாத ஓவிய மாணவர் இருக்கக் கூடாது. 1877-இல் லண்டன் குரோவ்னர் கேலரியில் விஸ்லரின் 'கறுப்பும் பொன்னும் - விழும் ராக்கெட்' காட்சிக்கு வைக்கப்பட்டது. கிரெமோர்ன் பூங்காவின் வாணவேடிக்கை. இருட்டில் சிதறும் பொறிகள். விலை 200 கினி. அக்காலத்தில் இங்கிலாந்தில் ஓவியம் பற்றி ஜான் ரஸ்கின் சொன்னதுதான் வேதம். அவர் தம் இதழில், ஒரு வாளி வண்ணத்தைப் பொதுமக்கள் முகத்தில் விசிறியடித்துவிட்டு 200 கினி கேட்கிறான் இந்தக் கோமாளி என்ற பொருள்பட எழுதினார். விஸ்லர் 1000 பவுண்டு கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். 1878 நவம்பர் 25, 26 தேதிகளில் விசாரணை. ரஸ்கின் உடல்நலம் இல்லாமல் வரவில்லை.

ரஸ்கின் தரப்பு வக்கீல் சர் ஜான் ஹோல்கர் கேட்டார்: இதை வரைய எத்தனை நாள் ஆயிற்று? இரண்டு நாள் என்றார் விஸ்லர். இரண்டு நாள் உழைப்புக்கா இவ்வளவு விலை என்று மடக்கினார் வக்கீல். ஒரு வாழ்நாள் முழுவதும் சேர்த்த அறிவுக்காக என்றார் விஸ்லர். பதில் புகழ்பெற்றுவிட்டது. என்னைக் கேட்டால் அது வெறும் சாமர்த்தியமான பதில் அல்ல, நேரான தொழில்நுட்ப விளக்கம். படகில் போனது, பழுப்புக் காகிதம், முதுகைக் காட்டி ஒப்பித்தது, மேஜையில் டோன் கலந்தது, இவற்றுக்கெல்லாம் பிறகு கேன்வாஸில் தூரிகை ஓடுவதற்கு இரண்டு நாளுக்கு மேல் எதற்கு? அதற்கு மேல் ஆனால் ஈரம் காய்ந்து காரியம் கெடும்.

பழைய பேட்டர்சீ பாலத்தின் படத்தையும் நீதிமன்றத்தில் காட்டினார்கள். பாலத்தின் மேல் தெரிகிறவை மனிதர்களா என்று நீதிபதியே கேட்டார். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி என்று விஸ்லர் சொல்லிவிட்டார். எதிர்த்தரப்புச் சாட்சி பர்ன்-ஜோன்ஸ், அவரும் பெரிய ஓவியர்தான், படத்தில் காற்றும் நிறமும் அழகு, ஆனால் முடித்த வேலை அல்ல என்று சாட்சி சொன்னார். முடித்த வேலை எப்படியிருக்கும் என்று காட்ட, அன்று டிஷியன் வரைந்ததாகக் கருதப்பட்ட ஒரு பழைய உருவப்படத்தைக் கொண்டுவந்து ஜூரிக்குக் காட்டினார்கள். தீர்ப்பு விஸ்லருக்குச் சாதகம். நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவு அவரவர் தலையில். 1879-இல் விஸ்லர் திவால். வீடு போயிற்று. ரஸ்கினும் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பதவியை விட்டு விலகினார்.

பர்ன்-ஜோன்ஸ் எழுப்பிய கேள்வி இன்றும் உங்கள் ஈசலுக்கு முன்னால் வந்து நிற்கும். வீட்டார் கேட்பார்கள், வாங்க வருகிறவர் கேட்பார்: படம் முடிந்துவிட்டதா? அந்த மரத்தில் இலை இல்லையே, படகில் இருப்பவனுக்கு முகம் இல்லையே? நீங்கள் பயந்துபோய் ஒரு இலையை வைப்பீர்கள். தூரத்து மரத்தில் இலை வந்தவுடன் அந்த மரம் நாலடி முன்னால் வந்து நிற்கும். அதைச் சரிக்கட்ட அதற்கும் முன்னால் உள்ள மரத்தில் நாலு இலை. சாயங்காலத்துக்குள் மூட்டம் விலகிப் படம் பட்டப்பகலாகிவிடும். மூட்டப் படத்தில் டோன் சரியாக விழுந்த கணத்தில் வேலை முடிந்தது. இந்த விஷயத்தில் நான் முழுக்க விஸ்லர் கட்சி.

ஆனால் எல்லாவற்றிலும் அவர் கட்சி அல்ல. அவருடைய 'சாஸ்' வேலையை மாணவர்கள் அப்படியே காப்பியடிக்க வேண்டாம். கோபல், மாஸ்டிக் பிசின்கள் காலப்போக்கில் கறுக்கும். எண்ணெய்ப் பூச்சு ஆண்டுகள் போகப் போக ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுவதால், இருண்ட அடிப்பூச்சின் மேல் மிக மெல்லிசாகப் போட்ட மேல்பூச்சு உள்ளே அமிழ்ந்துபோகும். இருண்ட அடிப்பூச்சை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுத்தரச் சாம்பலைத் தாண்டி இருட்டாக்க வேண்டாம்.

வெள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கோரோவும் விஸ்லரும் பயன்படுத்தியது ஈய வெள்ளை. அது கொஞ்சம் வெதுவெதுப்பானது, மற்ற நிறங்களை அடித்துப்போடாது. விஷம் என்பதால் இன்று அதைத் தொடாமல் இருப்பதே உத்தமம். நம் கடைகளில் கிடைப்பது டைட்டானியம் வெள்ளை. அவர்கள் காலத்தில் அது கிடையாது. இருபதாம் நூற்றாண்டில்தான் ட்யூபுக்கு வந்தது. அதன் சக்தி மிக அதிகம். பழைய புத்தகத்தில் உள்ள அளவில் அதைச் சேர்த்தால் எல்லா டோனும் குளிர்ந்து சுண்ணாம்பாகிவிடும். ஆகவே டைட்டானியத்தைக் கொஞ்சமாக எடுங்கள். அதில் துளி ஓக்கரோ ரா அம்பரோ சேர்த்து வெதுவெதுப்பாக்கி, அதையே உங்கள் வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்க் வெள்ளை மென்மையானது என்று சிலர் பரிந்துரைப்பார்கள். எண்ணெயில் அது நாளடைவில் நொறுங்கக்கூடியது. கேன்வாஸில் தனியாகப் பூச வேண்டாம்.

காய்வது பற்றி. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் மெதுவாகக் காயும். அடிப்பூச்சுக்கு அம்பர் நல்லது, கறுப்பு நல்லதல்ல என்பதற்குக் காரணம் இதுதான். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேல்பூச்சில் கூடுதல் என்ற பழைய விதியையும் மறக்க வேண்டாம். இன்னும் ஒரு தொல்லை உண்டு. காய்ந்த பிறகு இருண்ட இடங்கள் சில பளபளப்பை இழந்து வெளிறித் தெரியும். நெருக்கமான டோன்களில் நடக்கும் படத்தில் இது சர்வநாசம். அரைப்படி வித்தியாசத்தைத்தானே நம்பியிருக்கிறோம்? டோன் தப்பிவிட்டது என்று பதறி மறுபடி வண்ணம் பூசாதீர்கள். அந்த இடத்தில் கொஞ்சம் எண்ணெயைத் தடவி, துணியால் நன்றாகத் துடைத்தெடுங்கள். பழைய டோன் திரும்பி வரும். அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

பழைய பேட்டர்சீ பாலத்தின் படம் 1886-இல் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தபோது கூடியிருந்தவர்கள் சீறிக் கேலி செய்தார்கள். 1905-இல், விஸ்லர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, தேசிய கலைச் சேகரிப்பு நிதியம் அதை வாங்கி நாட்டுக்குக் கொடுத்தது. இன்று டேட் தொகுப்பில் இருக்கிறது. கிரெமோர்ன் ராக்கெட் டெட்ராய்ட் கலை நிறுவனத்தில்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதம் புதிய ட்யூப் எதுவும் வாங்காதீர்கள். உங்கள் ஊரில் ஏரியோ, துறைமுகமோ, ரயில்வே யார்டோ எது இருக்கிறதோ அங்கே விடியும் முன் ஒரு முறை போய் நில்லுங்கள். படம் எடுக்காமல் பாருங்கள். திரும்பி நின்று நண்பனிடம் ஒப்பியுங்கள். வீட்டுக்கு வந்து பேலட்டில் ஐந்து டோன் மட்டும் கலந்து, ஐந்தும் ஒன்றோடு ஒன்று சேரும் வரை கேன்வாஸைத் தொடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது படத்தைக் கொண்டுவர வேண்டாம், அந்தப் பேலட்டைக் கொண்டுவாருங்கள்.